இடைக்கழி நாட்டு வரலாறு – 17: உரிமையும் பரிகாரமும்

ஆலம்பரைக் கோட்டையின் கதையைச் சென்ற பகுதியோடு முடித்தோம். 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயப் படையிடம் விழுந்து இடிபட்ட அந்தக் கோட்டையைப் பற்றி எழுதப் புகுவோனுக்குக் கடிதங்களும் யுத்தக் குறிப்புகளும் குறைவில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் அக்கோட்டையின் மதிலுக்கு வெளியே, கடப்பாக்கத்து உப்பங்கழி தொடங்கிச் செய்யூர் வழியாக மதுராந்தகம் வரை பரந்து கிடந்த ஏரிப் பாசன ஊர்களில், பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும், ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கவும், தான் பிறந்து வளர்ந்த குடிசையின் அடிமனை தனக்குரியதென்று சொல்லிக்கொள்ளவும் பாத்தியதை இல்லாமல் வாழ்ந்த மக்களின் சரித்திரத்தை எந்தத் தளபதியும் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கவில்லை. அது ரெவினியூ கச்சேரியின் கட்டுகளிலும், சட்டசபை நடவடிக்கைகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றது. அதைக் கோத்துப் பார்ப்பதே இந்தப் பகுதியின் நோக்கம்.

கோத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படுகின்றது. மனிதனுக்கு மனிதன் சமம் என்று அறிவிப்பது எளிது. அந்தச் சமத்துவம் மறுக்கப்பட்டவன் காலையில் எழுந்து யாரிடம் போய் முறையிடுவது, முறையிட்ட பின் அன்றிரவு எங்கே படுப்பது, மறுநாள் யாருடைய வயலில் கூலி கேட்பது என்ற கேள்விகளுக்கு விடை சொல்வதுதான் கடினம். செங்கல்பட்டு ஜில்லாவில் ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையும் இக்கேள்விகளுக்கு ஒரு விடை கண்டது. அந்த விடையிலிருந்த குறை எதுவென்பது அடுத்த தலைமுறைக்குத்தான் தெரிந்தது.

மிராசும் மனைக்கட்டும்

1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கம்பெனியார் பெற்ற இந்தப் பிரதேசத்தில் நிலவுடைமைக்கு அடிப்படையாயிருந்தது மிராசு முறை. மிராசுதாரர் என்போர் தாம் உழுவித்த நன்செய்க்கு மட்டும் உரியவர்களாக இருந்துவிடவில்லை. ஊரெல்லைக்குள் கிடக்கும் தரிசை யார் உழலாம் என்பதில் முந்திய பாத்தியதையும், ஊர் நத்தத்தின்மீதும், பல இடங்களில் சேரி நத்தத்தின்மீதும்கூட உரிமையும் தங்களுக்கு உண்டென்று அவர்கள் கோரி வந்தார்கள். ஆகவே சேரியில் குடியிருந்தவன் உழைத்த நிலமும் அவனுடையதன்று, உறங்கிய மனையும் அவனுடையதன்று. கலியாணத்துக்கோ பஞ்ச காலத்துக்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தகப்பன் படியாளாக எழுதிக் கொடுத்த கைச்சாத்து மகனையும் பேரனையும் தொடர்ந்து வந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமைமேல் எஜமானனுக்குள்ள உடைமையை இனி எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்கலாகாது என்று விதித்ததும், 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியதும் உண்மையே. எனினும் அச்சட்டங்கள் எஜமானனின் கையிலிருந்து நீதிமன்றத்தை விலக்கினவேயன்றி, அடிமையாயிருந்தவனின் கையில் எதையும் கொடுக்கவில்லை. கடன் பத்திரமும் அடிமனையும் எஜமானனிடமே இருந்தமையால், சட்டப்படி விடுதலை பெற்றவன் ஊர்ப்படி படியாளாகவே நீடித்தான்.

இந்த நிலையைச் சர்க்காருக்கு விரித்துரைத்தவர் அப்போது செங்கல்பட்டில் கலெக்டராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எச். ஏ. திரமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அவர் 1891-இல் எழுதியனுப்பிய அறிக்கை, அக்காலத்து வெள்ளை அதிகாரிகளின் அறிக்கைகளுள் தனித்து நிற்பதற்குக் காரணம் அதில் தோய்ந்துள்ள இரக்கம் மாத்திரமன்று. அப்பகுதியில் பள்ளிக்கூடம் வைத்து நடத்திய ஆடம் ஆண்ட்ரூ போன்ற ஸ்காட்லாந்து சபைப் பாதிரிமாரும் இரக்கத்தோடுதான் எழுதினார்கள். திரமென்ஹீர் கண்டது நோயின் மூலத்தை. அடிமனை பிறருடையதாயிருக்கும் வரையில் ஒருவன் அதிகக் கூலி கேட்கவும் மாட்டான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அஞ்சுவான், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் துணியான். குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேறு என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் எல்லாச் சட்டமும் செயலற்றுப் போகும் என்பதை அவர் உணர்ந்தார். ஆகையினால் குடியிருப்பு மனைக்குப் பாதுகாப்பும், தரிசு நிலத்தில் ஒரு பங்கும் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளின் உயிர்நாடியாயிற்று.

ரெவினியூ போர்டார் அவருடைய அபிப்பிராயங்கள் பலவற்றை ஏற்கத் தயங்கினார்கள். மிராசுதாரர்களுடைய பழைய பாத்தியதைகளில் கைவைக்கச் சர்க்காருக்கும் மனமில்லை. ஆயினும் நெடிய கடிதப் போக்குவரத்துக்குப் பின், 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட 1010, 1010-ஏ எண்ணுள்ள ரெவினியூ உத்தரவுகள் பிறந்தன. தாழ்த்தப்பட்ட வகுப்பார்க்கு ஒதுக்கப்படும் தரிசு நிலங்களின் ஏற்பாடு இவற்றிலிருந்தே தொடங்குகின்றது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என்று வழங்குபவை இவையே. நாளடைவில் இந்நிலங்களுக்கென வகுக்கப்பட்ட நிபந்தனைகளுள் முக்கியமானவை இரண்டு: முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, அதற்குப் பின் கைமாறினாலும் அதே வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே கைமாறலாம். மீறினால் நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை ராஜதானி முழுவதிலும் இவ்வாறு வழங்கப்பட்ட நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு.

மனைக்கட்டின் விஷயமோ அந்த உத்தரவுகளால் தீர்ந்துவிடவில்லை. அதற்கு மேலும் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் கழிந்து, 1920-ஐ ஒட்டி லேபர் கமிஷனர் இலாகா ஏற்பட்ட பிறகுதான், மனைகளைச் சர்க்கார் செலவில் வாங்கிச் சேரி மக்களுக்கு வழங்கும் வேலை ஓரளவு ஒழுங்காகத் தொடங்கியது.

கோழியாளத்திலிருந்து சட்டசபைக்கு

திரமென்ஹீரின் அறிக்கை மேலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே 1891-இல், சென்னையில் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1859-இல் பிறந்ததாகக் கொள்ளப்படும் அவருடைய சொந்த ஊர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம். கடப்பாக்கமும் அக்காலத்தில் அதே மதுராந்தகம் தாலுகாவைச் சேர்ந்திருந்தமையால், இந்தத் தொடரில் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. கோயம்புத்தூரில் படித்து, நீலகிரியில் ஐரோப்பியர் வியாபாரக் கம்பெனிகளில் கணக்கராயிருந்து, 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, பிறர் இழிவாக வழங்கிய பெயரையே தன் பத்திரிகைக்குத் தலைப்பாகச் சூட்டிய துணிவுடையவர் அவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து சென்று, தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக அலுவல் பார்த்துத் திரும்பிய அவர், 1923-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன அங்கத்தினராக வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் சில வரிகளேயுடையது. எந்த வகுப்பைச் சேர்ந்தவராயினும் எந்தப் பட்டணத்திலும் எந்தக் கிராமத்திலும் பொதுப் பாதையிலோ தெருவிலோ நடப்பதற்கு ஆட்சேபம் இருத்தலாகாது. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுஜனங்கள் கூடுமிடம் ஆகியவற்றில் சாதி இந்துக்கள் எந்த அளவில் எந்த நிபந்தனையோடு செல்கிறார்களோ அந்த அளவில் அந்த நிபந்தனையோடு ஆதிதிராவிடரும் செல்லலாம். இதுவே அதன் சாரம். சபை அதை ஏற்றது. 1924 செப்டம்பர் 25-ஆம் தேதி, 2660 எண்ணுள்ள உத்தரவாகச் சர்க்கார் அதை வெளியிட்டது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே சிறை சென்று கேட்கப்பட்டதை இங்கே சட்டசபையில் எழுந்து நின்று கேட்டுப் பெற்றதன் அருமை விளங்கும்.

ஆனால் அந்த உத்தரவின் பலவீனமும் அதன் வாசகத்திலேயே இருந்தது. நடப்பவனைத் தடுக்கலாகாது என்று அது சொன்னது. தடுத்தவனை என்ன செய்வதென்று சொல்லவில்லை. எந்த அதிகாரியிடம் புகார் எழுதுவது, அவர் எத்தனை நாளில் விசாரிப்பது, அபராதம் எவ்வளவு என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. கடப்பாக்கத்தை ஒத்த ஒரு கடலோர ஊரில் கிணற்றடியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண்ணின் கையில் அந்த உத்தரவின் நகல் இருந்திருந்தாலும், அதைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஊரில் இருந்தவர் கிராம முன்சீப்; அந்த முன்சீப் பெரும்பாலும் கிணற்றை மறித்தவரின் உறவினரே.

பம்பாய் ராஜதானியிலும் இதுவே நேர்ந்தது. 1923 ஆகஸ்டில் எஸ். கே. போலே என்பவர் அங்குள்ள சட்டசபையில் இதையொத்த தீர்மானத்தை நிறைவேற்றுவித்தார். மகாடு நகரசபை மறு ஆண்டே தன் சவுதார் குளத்தை எல்லோர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. எனினும் 1927 மார்ச்சு 20-ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சென்று அந்த நீரை அள்ளிப் பருகியபோது அடிதடி நேர்ந்தது. குளம் தங்களுடைய தனியுடைமை என்று எதிர்த்தரப்பார் சிவில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்குப் பம்பாய் ஹைகோர்ட்டு வரை சென்று தாழ்த்தப்பட்டோர்க்குச் சாதகமாக முடிவதற்கு 1937 மார்ச்சு மாதம் ஆயிற்று. தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் வழக்காடச் சட்டம் கற்ற ஓர் அம்பேத்கர் அங்கே இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத ஊர்களின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

வழக்கம் என்ற அரண்

நீதிமன்றங்களும் அக்காலத்தில் நம்பத்தக்க புகலிடமாயிருக்கவில்லை. உரிமையை நிலைநாட்ட வேண்டிய அதே நீதிமன்றம், நெடுங்கால வழக்கம் என்று நிரூபிக்கப்பட்டதையும் உரிமையாகவே கருதியது. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்து வழிபட்டது பற்றி எழுந்த வழக்கு பிரிவி கௌன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்குப் பாதகமாகவே முடிந்தது; அவர்கள் அக்கோயிலுக்குள் செல்லும் வழக்கம் இல்லை என்பதே தீர்ப்புக்கு ஆதாரமாயிற்று. ஆக, எத்தனை காலமாக ஓர் அநீதி தொடர்ந்து வந்ததோ, அத்தனைக்கு அது நீதிமன்றத்தில் வலுப்பெற்றது.

இந்த அரணை உடைத்தவரும் செங்கல்பட்டு ஜில்லாக்காரரே. அக்காலத்தில் இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம். சி. ராஜா, ராஜாஜி மந்திரிசபையின் காலத்தில் கொண்டுவந்த மசோதா, 1938-ஆம் ஆண்டின் சென்னைச் சிவில் தகுதிக்குறைவு நீக்கச் சட்டமாயிற்று. பொதுப் பணத்தில் அமைந்த பாதை, கிணறு, நீர்நிலை, வாகனம் ஆகியவற்றில் சாதியைக் காரணமாக்கி ஒருவரைத் தடுப்பதை அது விலக்கியது. சாதியை முன்னிட்டுத் தகுதிக்குறைவை விதிக்கும் எந்த வழக்கத்தையும் நீதிமன்றம் அங்கீகரிக்கலாகாது என்றும் விதித்தது. 1843-இல் அடிமைமுறைக்குச் செய்யப்பட்டது, தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின் தீண்டாமைக்குச் செய்யப்பட்டது. 1947-இல் இயற்றப்பட்ட கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வழிபாட்டிடங்களின் வாயிலையும் திறந்தது.

குற்றம், தண்டனை, பொறுப்பு

1950 ஜனவரி 26 முதல் நிலைமை அடியோடு வேறாயிற்று. அரசியல் சட்டத்தின் 17-ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது; 15-ஆவது ஷரத்து கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி பார்ப்பதை விலக்கியது; 32-ஆவது ஷரத்து, அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேரே சுப்ரீம் கோர்ட்டை அணுகுவதையே ஓர் உரிமையாக்கியது; 226-ஆவது ஷரத்து ஹைகோர்ட்டுகளுக்கும் அத்தகைய அதிகாரத்தை அளித்தது. 1924-இன் உத்தரவில் இல்லாமற் போனது எதுவென்பதை அரசியல் சட்டத்தை வகுத்தோர் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஏற்பாடே சாட்சி.

1955 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கிணற்றை மறிப்பதையும் கடையில் தனிக் குவளை வைப்பதையும் போலீசார் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக்கியது. அதன் 12-ஆவது பிரிவு நுட்பமானது: பாதிக்கப்பட்டவர் அட்டவணைச் சாதியினராயிருந்தால், அச்செயல் தீண்டாமையை முன்னிட்டே செய்யப்பட்டதென்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது எதிரியின் பாரம். மனத்திலிருப்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்கும்படி ஏழையைக் கேட்பது எவ்வளவு அநியாயம் என்பதை அந்தப் பிரிவு உணர்ந்திருந்தது.

ஆயினும் அச்சட்டத்தின்கீழ்க் குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ள இடமிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, வழக்குத் தொடுத்தவனை வீட்டுக்கே சென்று நயமாகவும் பயமுறுத்தியும் பேசி, நீதிமன்றத்தில் ராஜி எழுதிக் கொடுக்கச் செய்வது சுலபமாயிற்று. 1976 நவம்பர் 19 முதல் திருத்தத்தோடு புதுப்பெயரும் பெற்றுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக வந்தபோது அந்த வாயில் அடைக்கப்பட்டது. குறைந்தது ஒரு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கட்டாயமாயின. ஓர் ஊரே சேர்ந்து குற்றம் இழைத்தால் ஊர்மீது கூட்டு அபராதம் விதிக்கவும், விசாரணையில் வேண்டுமென்றே அசட்டையாயிருக்கும் அரசு ஊழியனைக் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதவும் வழி ஏற்பட்டது.

அதே 1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், திரமென்ஹீர் கண்ட படியாள் பத்திரங்களின் கடைசி வாரிசுகளைக் குறிவைத்தது. கொத்தடிமைக் கடன்கள் யாவும் அழிந்தன. கடன் அத்தகையதன்று என்று நிரூபிக்கும் பாரம் 15-ஆவது பிரிவின்படி கடன் கொடுத்தவன் தலையில் விழுந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் அரிசி ஆலைகளிலும் சவுக்குத் தோப்புகளின் மரவெட்டிலும் முன்பணத்துக்குச் சிக்குண்டு கிடந்த இருளர் குடும்பங்களை, வருவாய்க் கோட்டாட்சியர் நேரில் சென்று விசாரித்து விடுதலைச் சான்று அளித்து மீட்பது இந்தச் சட்டத்தின் பலத்தினால்தான். அந்தச் சான்று ஒரு காகிதமே. ஆனால் பழைய கைச்சாத்தைச் செல்லாததாக்கும் காகிதம் அது.

1990 ஜனவரி 30-இல் அமலுக்கு வந்த 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வயலிலிருந்து வெளியேற்றுவது, நீர்நிலையைக் கெடுப்பது, பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது என்று கிராம வாழ்க்கையில் உள்ளபடி நடக்கும் கொடுமைகளைப் பெயர் சொல்லி வகைப்படுத்தியது; முன்ஜாமீனை மறுத்தது; கடமையில் தவறிய அதிகாரிக்கு 4-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்றது. 1995-இன் விதிகள், டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரியே புலன்விசாரணை செய்ய வேண்டுமென்றும், பாதிக்கப்பட்டவர்க்கும் சாட்சிகளுக்கும் போக்குவரத்துச் செலவும் தினப்படியும் தர வேண்டுமென்றும், கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டுமென்றும் கூறின. இந்தச் சட்டம் 2018 மார்ச்சு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பினால் தளர்ந்தபோது, பாராளுமன்றம் அதே ஆண்டில் 18-ஏ பிரிவைச் சேர்த்துப் பழைய வலுவை மீட்டது.

காரணையும் பூஞ்சேரியும்

சட்டங்களின் அடுக்கு இவ்வாறு உயர்ந்துகொண்டே போன காலத்தில் நிலம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். 1892-இன் உத்தரவுகள் கொடுத்த பஞ்சமி நிலங்களில் கணிசமான பகுதி, நிபந்தனைகளையெல்லாம் மீறி, அடைமானமாகவும் கிரயமாகவும் கள்ளப் பட்டாவாகவும் பிற கைகளுக்குப் போய்விட்டிருந்தது. நிபந்தனையை எழுதிய சர்க்கார், நிபந்தனை மீறப்படுகிறதா என்று கவனிக்க ஒருவரையும் நியமிக்கவில்லை. செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டம், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். ஒரு கலெக்டரின் அறிக்கையால் கிடைத்த நிலத்தை, நூறாண்டு கழித்து, அதே செங்கல்பட்டில் கேட்கப் போனவர்களுக்கு நேர்ந்த கதி இது. அன்றுமுதல் பஞ்சமி நில மீட்பு தமிழ்நாட்டு அரசியலில் மறக்க முடியாத கோரிக்கையாயிற்று.

அண்மைக் காலத்துச் சம்பவம் ஒன்று. 2021-இல் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலின் அன்னதானப் பந்தியில் நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் அதைக் கேமராவின் முன் துணிந்து சொன்னார். அக்டோபர் மாத இறுதியில் அறநிலையத்துறை அமைச்சர் அதே கோயிலில் அவரோடு பந்தியில் அமர்ந்து உணவுண்டார். நவம்பர் 4-ஆம் தேதி, தீபாவளியன்று, முதலமைச்சரே, மாமல்லபுரத்தை அடுத்து அப்பெண் வசித்த பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப் பட்டாக்களையும் சாதிச் சான்றுகளையும் வழங்கினார்.

இச்சம்பவத்தில் இரண்டு விஷயங்கள் சிந்தனைக்குரியவை. அப்போது நரிக்குறவர் தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-இன் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எவ்வளவு வலியதாயினும் அன்று அந்தப் பெண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இரண்டாவது, பந்தியில் மறுக்கப்பட்ட ஓர் இலைக்குப் பரிகாரமாகச் சர்க்கார் கொடுத்தது மனைப் பட்டா. பந்திக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கேட்கக்கூடும். அடிமனை இல்லாதவனை யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலிருந்தும் எழுப்பலாம் என்ற உண்மையை 1891-இல் எழுதி வைத்த திரமென்ஹீர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

இன்று முறையிடும் வழி

வரலாறு கற்போர் தம் காலத்தில் அதைப் பயன்படுத்தவும் அறிய வேண்டுமாதலால், இடைக்கழி நாட்டில் இன்று ஒருவர் இத்தகைய அநீதிக்கு உள்ளானால் செய்யத்தக்கதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை, நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகிய விவரங்களோடு அன்றே எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்போது நினைவைவிட அந்தக் காகிதம் உறுதியாக நிற்கும். அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து, முதல் தகவல் அறிக்கை பதியச் செய்து, நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பயனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானால், குற்றத்தின் தன்மைக்கு ஏற்ப விதிகள் குறித்த நிவாரணம் தவணைகளில் வழங்கப்பட வேண்டும். இது யாசகமன்று, விதிப்படி வந்து சேர வேண்டிய தொகை. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், கொத்தடிமைத்தனத்துக்கு ஆளானோர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவியை உரிமையாக்கியிருக்கிறது. அதன் குழுக்கள் தாலுகா நீதிமன்றங்கள் வரை இருக்கின்றன. தவறிழைத்தவர் போலீசாராகவோ வேறு அரசு ஊழியராகவோ இருந்தால், மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுதலாம். காவலில் நேர்ந்த மரணங்களுக்கும் சட்டவிரோதச் சிறைவைப்புக்கும் சர்க்காரே நஷ்டஈடு தர வேண்டும் என்று, 1983-இல் ருதுல் ஷா வழக்கிலும் 1993-இல் நீலாபதி பெஹரா வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு விதித்த நெறியைக் கொண்டு ஹைகோர்ட்டை ரிட் மனுவோடு அணுகவும் இடமுண்டு.

இத்தனை வாயில்களும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசனின் கற்பனைக்கும் எட்டாதவை. ஒவ்வொன்றும் முன்னையதில் கண்ட ஓர் ஓட்டையை அடைக்க எழுந்தது: வழக்கத்தை மறுக்க 1938, நாடு முழுவதிலும் தண்டிக்க 1955, ராஜியைத் தடுக்க 1976, அதிகாரியைப் பொறுப்பாக்க 1989. பாதிக்கப்பட்டவன் தலையிலிருந்த பாரத்தைச் சிறிது சிறிதாக எதிரியின் தலைக்கும் சர்க்காரின் தலைக்கும் மாற்றி வந்ததே இந்தச் சட்டங்களின் சரித்திரம். ஆனால் முதல் புகாரை எழுதுகின்ற பாரம் மட்டும் இன்றும் பாதிக்கப்பட்டவனுடையதே. அதை வேறு எவரிடமும் மாற்ற இயலாது. அந்தப் புகாரை எழுதியவனை மறுநாள் குடிசையிலிருந்தும் கூலியிலிருந்தும் எவரும் வெளியேற்ற முடியாத நிலை இருந்தால்தான் அவன் எழுதுவான். ஆகையால் குடிமை உரிமைச் சட்டத்தின் முதல் பிரிவு சட்டப் புத்தகத்தில் இல்லை, பட்டாவில் இருக்கிறது என்பது இந்த ஜில்லாவின் அனுபவம். மனைப் பட்டாவையும் பஞ்சமி நிலத்தையும் வெறும் நலத்திட்டம் என்று கருதுவோர், மற்றச் சட்டங்கள் யாவும் நிற்கின்ற அடிநிலத்தையே கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள்.

அடுத்த பகுதியில், மரக்காணத்துக்கும் செய்யூருக்கும் இடையே உள்ள உப்பளங்களின் வரலாற்றையும், உப்புச் சுங்கம் இக்கடற்கரை ஊர்களின் வாழ்க்கையை மாற்றிய விதத்தையும் காண்போம்.